புடைவையின் மறுபுறம்

கல்லூரியிலே நாம் கற்ற பாடங்கள் பல. தூய கணிதமும் பிரயோக கணிதமும் கற்றோம்; பௌதிகம் கற்றோம்; இரசாயன ஆய்வுகூடத்திலே படிகாரப் பளிங்குகளை நூலிற் கட்டித் தொங்கவிட்டு வளர்த்தோம். ஆயின், ஒரு முழத் துணியைக் கையில் எடுத்து, அஃது எவ்வாறு ஆக்கப்பட்டது, அதற்குக் கேட்கப்படும் விலை தகுமா என்று தீர்மானிக்கும் வித்தையை எந்த வகுப்பிலும் எவரும் எமக்குக் கற்பிக்கவில்லை. அதனைக் குறையென்றும் அக்காலத்தில் நாம் கருதினோமில்லை. அது வீட்டிலே கற்கப்படும் பாடம். அப்பாடத்தை ஒழுங்காகக் கல்லாதவருள் நாமும் ஒருவர் என்பது, அறுபது வயதைக் கடந்த பின்னரே எமக்குத் தெரியவந்தது. அது தெரியவந்த வகையையும், அதன்பின் இந்தியக் கைத்தறியையும் சாயத்தொழிலையும் பற்றி நாம் தேடி அறிந்தவற்றையும் இம்மலரின் வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

எமது ஆச்சியார் ஏட்டுக் கல்வி அதிகம் இல்லாதவர். தைப்பொங்கலுக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் துணிப் பொட்டணி சுமந்துவரும் வியாபாரியார் எமது வீட்டுத் திண்ணையிலே அமர்வார். அவர் விரிக்கும் புடைவையை ஆச்சியார் முதலிலே திருப்பி மறுபுறத்தைப் பார்ப்பார். பின்னர் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இழைகளின் ஒழுங்கைப் பார்ப்பார். ஓரத்திலிருந்து ஓரிழையைப் பிரித்து விரல்களுக்கிடையே முறுக்கி அறுப்பார். ஈரம் தொட்ட விரலாற் கரையைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகின்றதா என்று நோக்குவார். இவ்வளவும் முடிந்த பின்னரே விலை கேட்பார். “ஆச்சி, புடைவை எடுக்கிறியளோ, பொம்பிளை பார்க்கிறியளோ?” என்று வியாபாரியார் ஒருமுறை நொந்துகொண்டது இன்றும் எமக்கு நினைவிருக்கின்றது. நாள் முழுதும் இருந்து ஒன்றும் எடுக்காமல் அவரை அனுப்பிய ஆண்டுகளும் உண்டு. அவ்வாறு அனுப்பும்போது ஒரு பேணி மோரும் கொடுத்தே அனுப்புவார்.

அவரிடம் இருந்த புடைவைகள் பத்துக்கு மேற்படா. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் வீணாய்ப் போனதில்லை. உடுத்து நைந்த நூற்புடைவை குழந்தைக்கு ஏணையாகும்; பின்பு பிள்ளைத்துணியாகும்; பின்பு அடுக்களையிற் கைபிடித்துணியாகும்; இறுதியிலே கிழிந்து விளக்குத் திரியாய் எரிந்து முடியும். சிக்கனம் என்ற சொல்லை அவர் வாயிலே நாம் கேட்டதாக ஞாபகமில்லை. நன்றாய்ச் செய்யப்பட்ட பொருளை அதன் உயிர் உள்ளவரை கையாளவேண்டும் என்பது அவருக்கு மூச்சுவிடுதல் போன்ற ஒரு பழக்கம்.

அவ்வேளைகளிலே வீட்டுப் பெண்பிள்ளைகள் அருகில் இருப்பர். துணி அவர்கள் கைக்கும் போகும். ஆண்பிள்ளைகளாகிய நாம் முற்றத்திலே பந்தடித்துக்கொண்டிருந்தோம்.

இனி, எமது அறியாமை வெளிப்பட்ட கதைக்கு வருவோம். 2014 ஆம் ஆண்டிலே எமது தமக்கையாரின் மகனுக்கு மணம் பேசி முற்றாயிற்று. கூறை எடுத்தல் மாப்பிள்ளை வீட்டார் கடன் என்பது நம்மவர் வழக்கம். மாயூரத்தை அடுத்த கூறைநாட்டின் பெயர் நம் மணப்புடைவையின் பெயரோடு ஒன்றாய் நிற்பதையும், பட்டும் பருத்தியும் கலந்து அங்கு நெய்யப்பட்ட புடைவைகள் ஒருகாலத்திற் பெயர் பெற்றிருந்ததையும் வாசகர் பலர் அறிவர். அங்கு நெசவு பெரிதும் அருகிவிட்டமையால், நம்மவர் இப்பொழுது காஞ்சிபுரத்தையே நாடுகின்றனர். அம்மான் என்ற உரிமையோடு அப்பொறுப்பை நாம் ஏற்று, இந்தியா சென்று, குளிரூட்டப்பட்ட ஒரு பெருங்கடையிலே அரக்குச் சிவப்பு உடலும் பச்சைக் கரையும் கொண்ட ஒரு பட்டுப்புடைவையை எடுத்தோம். ‘கைத்தறி, கோர்வைக் கரை’ என்றார்கள். அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டார்கள். தங்கநிறப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். பெட்டி மிக நன்றாயிருந்தது.

வீட்டிலே தமக்கையார் புடைவையை விரித்தார், உடனே திருப்பினார். ஒரு நிமிடம் பேசாதிருந்துவிட்டு, “தம்பி, மறுபக்கத்தைப் பார்த்தனியோ?” என்று கேட்டார். நாம் பார்க்கவில்லை. பட்டதாரிகளாகிய எமக்கு அப்படியொரு பக்கம் இருப்பதே தோன்றவில்லை.

தமக்கையார் அன்று விளக்கியதை, பின்னர் நேரிற் கண்டறிந்தவற்றோடு சேர்த்து இங்கே கூறுகின்றோம். துணியிலே நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. ஊடையைக் கொண்டுசெல்வது நாடா. சாதாரணமாக ஒரே நாடா ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடும். அவ்வாறாயின், கரைக்குப் பச்சைப் பாவு கொடுத்திருப்பினும், அதனூடே உடலின் சிவப்பு ஊடையும் ஓடும். பச்சையும் சிவப்பும் கலந்து கரை ஒருவகை மங்கல் நிறம் பெறும். சரிகை அதனை ஓரளவு மறைக்கும். கோர்வையிலோ உடலுக்கு ஒரு நாடா, இருபுறக் கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று நாடாக்கள். உடலின் ஊடை கரையின் எல்லைவரை சென்று, கரையின் ஊடையோடு கைகோத்துத் திரும்பும். அதனாற் கரை கலப்பற்ற பச்சையாகவும் உடல் கலப்பற்ற சிவப்பாகவும் நிற்கும். அந்தக் கைகோத்த இடத்தைத் துணியின் மறுபுறத்திலே விரலால் தடவி அறியலாம். இரு நிறங்கள் சந்திக்குமிடத்தில் அமையும் கோபுர வடிவ வரிசைகளும் இவ்விணைப்போடு சேர்ந்து வளர்ந்த அழகேயாகும்.

நாம் வாங்கிய புடைவையில் அவ்விணைப்பு இல்லை. சிவப்பு ஊடை கரைக்குள்ளே தாராளமாய் ஓடிக்கொண்டிருந்தது. பட்டு, மெய்யான பட்டுத்தான். கோர்வையல்லாத கைத்தறிப் புடைவைகளும் உண்டு, அவையும் குறைந்தவையல்ல. ஆனால் நாம் கோர்வைக்கு விலை கொடுத்திருந்தோம். ஏமாற்றியவரை வைவது எளிது. ஆயினும், பொருளைத் திருப்பிப் பாராத ஒருவர் கடைக்குள் நுழையும்போதே விற்பவர் அதனை அறிந்துகொள்கின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முகூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு மாதமிருந்தமையால், மருமகனையும் அழைத்துக்கொண்டு மீண்டும் காஞ்சிபுரம் சென்றோம். இம்முறை கடைவீதிக்குப் போகாமல், பிள்ளையார்பாளையத்திலே நெசவாளர் ஒருவரின் வீட்டை விசாரித்துச் சென்றோம். முன்னறையின் பெரும்பகுதியைக் குழித்தறி பிடித்திருந்தது. அவர் குழியிலே கால்களை இறக்கி மிதிபலகைகளை மிதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அவர் மனைவியார் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஊடைக்கும் இருவரும் ஒருவரையொருவர் பாராமலே நிறுத்தி, கோத்து, தள்ளி, அச்சை இழுத்து அடித்தனர். நாம் ஒரு மணிநேரத்துக்கு மேல் இருந்தோம். அத்தனை நேரத்தில் துணி வளர்ந்த அளவைக் கையாலே மறைத்துவிடலாம். ஒரு புடைவை முடிய இரண்டு மூன்று வாரம் செல்லும் என்றார். கோர்வைக்கு வேண்டிய பட்டு கருநாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. பக்கத்திலே அமர்வதற்குத்தான் ஆள் வருவதில்லை என்று சொல்லி வருந்தினார். மகன் சிறீபெரும்புதூரிலே ஒரு தொழிற்சாலைக்குப் பேருந்திற் போய்வருகின்றாராம். அதனைக் கூறும்போது அவர் முகத்திலே கவலையும் இருந்தது. மாதம் தவறாமற் சம்பளம் வருகின்றது என்ற ஆறுதலும் இருந்தது. மகனும் தறியிலே அமர்ந்திருக்கவேண்டும் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. இந்தியாவின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019-20) இத்தொழிலில் இருப்போர் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலார் பெண்கள். நெசவாளர் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு, மாதத்துக்கு 5000 இந்திய ரூபாவுக்கும் குறைந்த வருமானமே பெறுவதாக அக்கணக்கெடுப்புக் கூறுகின்றது. கைத்தறியின் பெருமையைப் பேசுவோர் இத்தொகையையும் சேர்த்துப் பேசுதல் முறை.

நெசவைப் பார்த்து வந்த பின்னர், சாயத்தைப் பற்றியும் அறியும் ஆவல் எமக்கு உண்டாயிற்று. தேடப் புகுந்தபோது, சோழமண்டலக் கரையிலே தொடங்கிய தேடல் எமது கரையிலேயே வந்து முட்டியது வியப்பாயிருந்தது. ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டிலே ஆசையோடு வாங்கிய சோழமண்டலச் சித்திரத் துணிகளின் சிவப்பு, சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து பெறப்பட்டது. சித்த மருத்துவர் இச்செடியை இம்பூறல் என்பர். மணற்பாங்கான கடற்கரை நிலமே இதற்கு உகந்தது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் விளையும் வேர் ஒளி மிகுந்த சிவப்பைத் தரும். மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் இவ்வேரைத் தோண்டி எடுத்தனர். ஒல்லாந்தர் ஆட்சியிலே அது அரசாங்கத்தின் தனியுரிமையாயிருந்தது. வேர் குத்துதல் ஒருசாரார்மீது கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. பழங்காலத்துக் கைத்தொழில் யாவும் மகிழ்ச்சியின் விளைவே என்று எண்ணுவோர் இந்த ஊழியத்தையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

சாயமிடும் முறை ஒரு சிறந்த இரசாயனப் பாடம். துணியை முதலிற் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு துணியிற் பற்றும். பாலின் கொழுப்பு, பின்னர் எழுதும் மை பரவாது தடுக்கும். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் நாட்கணக்காய்ப் புளிக்கவைத்த கரைசலை, மூங்கிற் குச்சியிற் கம்பளி நூல் சுற்றிய கலத்தினாலே தொட்டு ஓவியத்தின் வரைகளை எழுதுவர். இரும்பு கடுக்காயின் துவர்ப்போடு கூடியதும் கருமை பிறக்கும். சிவப்பு வேண்டிய இடங்களிலே படிகாரக் கரைசலைத் தீட்டுவர். அப்பொழுது அவ்விடத்திலே நிறம் எதுவும் பெரிதாய்த் தெரியாது. துணியைச் சாயவேர் இட்ட கொப்பரையிற் கொதிக்கவைத்ததும், படிகாரம் பட்ட இடங்களிலே மாத்திரம் சிவப்பு ஊன்றிக்கொள்ளும். ஏனைய இடத்து நிறம் ஓடும் ஆற்றுநீரிலும் வெயிலிலும் கழன்றுபோகும். ஆய்வுகூடத்திலே நாம் நூலிற் கட்டி வளர்த்த அதே படிகாரந்தான்! அதனை எமக்கு அன்று எவரேனும் கூறியிருப்பின், இரசாயனத்திலே இன்னும் சில புள்ளிகள் கூடுதலாய் எடுத்திருப்போமோ என்னவோ.

இத்துணிகளின் கவர்ச்சி எத்தகையது என்பதற்கு ஐரோப்பியரின் சட்டங்களே சாட்சி. பிரான்சு 1686 இல் இவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700 இல் இறக்குமதியையும் 1721 இல் உடுத்தலையுமே தடுத்துச் சட்டமியற்றியது. சட்டத்தால் அழியாத சாயவேரை ஆய்வுகூடம் அழித்தது. 1868 இல் கிரேபே, லீபர்மான் என்னும் ஜேர்மானிய இரசாயனவியலாளர் இருவர், வேரிலுள்ள சிவப்புப் பொருளாகிய அலிசரினை நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கினர். 1897 இல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. சில பதிற்றாண்டுகளிலே வேர் தோண்டுவோர் வேண்டாதாராயினர். செயற்கைச் சாயத்தை நாம் பழிக்கவில்லை. இன்று எம்மேனியிலுள்ள மேற்சட்டையும் அதனால் ஆனதே. ஆயினும், சிவப்பு எங்கிருந்து வருகின்றது என்ற அறிவு ஒரு தலைமுறையிலே மறைந்துவிட்டதல்லவா? ஆச்சியார் ஈர விரலாலே தேடியது அந்த அறிவின் கடைசி எச்சம் போலும்.

அறிந்து வாங்குதல் என்பதை அறிவுலகத்திலே வற்புறுத்தியவருள் முதன்மையானவர் நம்மவரே. 1877 இல் கொழும்பிலே சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய்ப் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுக்காக இந்நாட்டின் கிராமங்களிலே அலைந்தபோது கைவினைஞரைக் கண்டார், கண்டதைக் கற்றார். 1908 இல் வெளிவந்த அவரது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’, வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிடப்பட்டது. மறு ஆண்டு ‘இந்தியக் கைவினைஞன்’ என்ற நூலை வெளியிட்டார். வங்காளத்திலே 1905 இல் எழுந்த சுதேசி இயக்கத்தை அவர் ஆதரித்தார். ஆயினும் அன்னியப் பொருளின் மட்டமான போலியை உள்ளூரிலே செய்து விற்பதைச் சுதேசியென்று ஏற்க மறுத்தார். பொருளின் அழகையும் அதனைச் செய்யும் கையின் பயிற்சியையும் அறியாத நாட்டுப்பற்று, தொழிலைக் காக்காது என்பது அவர் கருத்து.

காந்தியடிகளோ கடமையை முன்வைத்தார். 1927 நவம்பர் இறுதியிலே அவர் யாழ்ப்பாணம் வந்தமை கதர் நிதி திரட்டும்பொருட்டே. எமது தந்தையார் அப்போது மாணவர். கூட்டத்தின் விளிம்பிலே வேலியொன்றைப் பற்றி நின்று பார்த்தவர். அதன்பின் வீட்டிலே கதர் வேட்டி வந்தது. அவ்வேட்டி கூட்டங்களுக்குச் செல்லும். கூட்டம் முடிந்ததும் பெட்டகத்துக்குத் திரும்பும். இவ்வாறு பெட்டகத்திலே துயின்ற கதர் யாழ்ப்பாணத்திலே எத்தனையோ! கடமைக்காக வாங்கப்படும் துணியின் கதி இதுவாயிருக்க, ஆச்சியாரின் புடைவைகள் மட்டும் திரியாய் எரியும்வரை உழைத்தன. எம் சொந்த அபிப்பிராயம் குமாரசுவாமியின் பக்கமே சாய்கின்றது.

இவ்விரு நெறிகளையும் ஒருங்கே செயற்படுத்தியவர் கமலாதேவி சட்டோபாத்தியாயர். உப்புச் சத்தியாக்கிரகத்திலே சிறைசென்ற அப்பெருமாட்டி, 1931 இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று இங்கும் வந்தவர். சுதந்திர இந்தியாவிலே 1952 இல் அமைந்த அகில இந்தியக் கைவினைச் சபையின் தலைவராய் நெடுங்காலம் பணியாற்றினார். சீகாளத்தியிலே கலத்தால் எழுதும் கலை அழியும் தறுவாயிலிருந்தபோது, 1950களின் இறுதியிலே அங்கு ஒரு பயிற்சி நிலையம் தோன்றியது அச்சபையின் முயற்சியாலே. அச்சபை 2020 இற் கலைக்கப்பட்டது. சுவர்ணமுகி ஆற்றங்கரையிலே அந்தக் கலை இன்றும் நடக்கின்றது.

விலை கூடிய பொருளை வாங்க வசதியில்லாதவர் என் செய்வார் என்ற வினா நியாயமானது. தாகூரின் ‘வீடும் உலகமும்’ என்ற நாவல் (1916) இவ்வினாவையே எழுப்புகின்றது. மலிவான அன்னியத் துணியை விற்றுப் பிழைக்கும் ஏழையின் மூட்டையைப் பிடுங்கி எரிக்கும் நாட்டுப்பற்றைத் தாகூர் வெறுத்தார். தையற்கடையிலே வேலை செய்யும் பெண்ணொருத்தி பொலியெஸ்டர் சேலை உடுத்துகின்றாளென்றால், அஃது இரவிலே துவைத்துக் காலையிலே உடுக்க உலர்ந்திருக்கும் என்பதனால். அவளுக்கு உபதேசம் செய்ய நமக்கு உரிமையில்லை. எம் பேச்சு, ஒரு கலியாணத்துக்குப் பதினைந்து பட்டுப்புடைவை எடுத்து, பதினான்கை அலுமாரியிலே பூட்டும் நம் போன்றோரைப் பற்றியது. அந்தப் பதினைந்தின் பணத்திலே, நெசவாளருக்கு உரிய கூலி கொடுத்து மூன்று நல்ல புடைவைகள் நெய்விக்கலாம்.

வாங்கச் செல்வோர்க்கு இன்னும் இரண்டொன்று கூறவேண்டும். 1985 ஆம் ஆண்டுச் சட்டம் சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியிருந்தும், விசைத்தறியிலே அவற்றின் போலிகள் நெய்யப்பட்டு வருகின்றன. இந்தியாவிலே பட்டுக்குரிய ‘சில்க் மார்க்’ முத்திரை, நூல் மெய்யான பட்டு என்பதை மட்டும் கூறும். கையால் நெய்யப்பட்டதா என்பதைக் கூறாது. அதற்கு 2006 இல் ஏற்பட்ட ‘ஹான்ட்லூம் மார்க்’ முத்திரையைப் பார்த்தல் வேண்டும். சித்திரத் துணியாயின் மறுபுறத்தைப் பாருங்கள்: கலத்தால் எழுதியதிலே நிறம் ஊடுருவி நிற்கும், கோடுகள் ஓரிடத்திற் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செல்லும். ஒரே பூ நூறு இடத்தில் மயிரிழையும் மாறாது நின்றால் அஃது அச்சு.

எம் மருமகன் பிள்ளையார்பாளையத்திலே நெய்வித்த கூறையைத் தமக்கையார் திருப்பிப் பார்த்து, கரையோரத்தைத் தடவி, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார். முதலில் வாங்கியதை அவரே சில காலம் உடுத்தார். “பாவம், அதுவும் பட்டுத்தானே” என்பார்.

இம்மலருக்குரிய விழாவையொட்டியும் ஒரு சிறு விவாதம் நடந்தது. முதிய ஆசிரியர்களுக்குப் போர்த்தும் பொன்னாடைகளைப் பற்றியது அது. மினுங்கும் செயற்கை நூலாலான அப்பொன்னாடைகள் மேடையிலே இரண்டு நிமிடம் தோளில் இருக்கும். பின்பு எவ்வீட்டிலும் எதற்கும் உதவா. துடைக்கப் போனால் நீரை உறிஞ்சா, விரித்தால் வழுக்கும். அவற்றுக்குப் பதிலாகக் கைத்தறி நூல் வேட்டியும் சால்வையும் கொடுப்போமென்று நாம் கூறினோம். பொருளாளர் கணக்குப் பார்த்தார்: ஒன்றின் விலையிலே மற்றையதில் நான்கு வாங்கலாம். ‘அப்படியாயின் எந்த நால்வருள் மூவரை விடுவது?’ என்று அவர் கேட்டதற்குச் சபையிலே எவரும் விடை சொல்லவில்லை. இறுதியில், மாலைகளையும் ஒலிபெருக்கி ஊர்வலத்தையும் குறைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு சால்வை என்று முடிவாயிற்று. மாதிரித் துணியொன்று தபாலில் வந்தது. அதனைத் தமக்கையாரிடம் கொண்டுசென்றோம். திருப்பிப் பார்த்தார், நெசவு நன்று என்றார், விரலை நனைத்துக் கரையைத் தேய்த்தார். சாயம் ஒட்டியது. வேறு மாதிரி அனுப்பும்படி எழுதியிருக்கின்றோம்.